சிந்தாமணியை முற்றும் ஓதிய சைவர்

புனித நூல் ஒன்றை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து முடிப்பதென்று உறுதி கொள்வது எல்லாச் சமயத்தாரிடமும் உள்ள வழக்கம். சைவ அன்பர்கள் கூடி அமர்ந்து திருவாசகத்தை ஒரே நாளில் முற்றோதல் செய்கின்றனர். ரமலான் மாதத்தில் இஸ்லாமியர் 30 பாகங்களாக வகுக்கப்பட்ட குர்ஆனை ஓதி நிறைவு செய்கின்றனர். ஓராண்டுக்குள் விவிலியத்தை முடிப்பதற்கென்று நாள்வாரி அட்டவணை வைத்துப் படிக்கும் கிறிஸ்தவர்களை நான் அறிவேன். அமெரிக்காவில் 1830-ஆம் ஆண்டு அச்சான மார்மன் நூலை மறையாகக் கொண்டவர்களும் அதனை முழுமையாகப் படிப்பதைத் தம் கடமைகளுள் ஒன்றாகக் கருதுகின்றனர்.

இவை யாவும் அவரவர் சமய நூலை அவரவர் ஓதுவது. பிறர் போற்றும் நூலை, அதிலும் தம் சமயத்துப் பெரியோர் விலக்கச் சொன்ன நூலை, முழுவதும் படித்தே தீர்வதென்று ஒருவர் முடிவு செய்தால் என்ன நேரும்? நம் மொழியின் அண்மைக்கால வரலாற்றில் இக்கேள்விக்கு ஒரு தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையின் பெயர் உ.வே. சாமிநாதையர்.

தமிழ்த் தாத்தா என்று பள்ளிப் பாடநூல் அவரை அறிமுகம் செய்கிறது. ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடியவர், சங்க நூல்களை அச்சேற்றியவர் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கின்றனர். அவை அனைத்தும் உண்மையே. ஆயினும் அந்தப் பெருவாழ்வு ஒரு சமண நூலை முழுவதும் படிக்கும் முயற்சியிலிருந்து தொடங்கியது என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. நாற்பது ஆண்டுக்காலம் பொருளாதாரம் படித்தும் கற்பித்தும் ஓய்வுபெற்று, இன்று இலத்தூரில் வசிக்கும் எனக்கு அவர் வாழ்வின் அந்த ஏழு ஆண்டுகளே மிகுந்த வியப்பைத் தருகின்றன.

1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் பிறந்தவர் சாமிநாதையர். கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரம் அவரது ஊர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைப் புலமையால் குடும்பம் நடத்தியவர். வருவாய் நிலையில்லாத வாழ்க்கை. ஊர்விட்டு ஊர் மாறிய இளமை. மகனுக்கோ தமிழின்மேல் மட்டுமே நாட்டம். 1871-இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் திருவாவடுதுறை ஆதீனத்துப் பெரும்புலவர். அந்தாதி, கலம்பகம், உலா, பிள்ளைத்தமிழ், கோவை, தலபுராணம் என்று அக்காலத்துத் தமிழ்க் கல்வி எவற்றையெல்லாம் பொருட்படுத்தியதோ அவற்றையெல்லாம் சாமிநாதையர் அவரிடம் பாடம் கேட்டார். 1876-இல் ஆசிரியர் மறைந்தபின், ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அவரை மடத்திலேயே வைத்து ஆதரித்தார்.

இந்தச் சுப்பிரமணிய தேசிகர் எங்கள் பக்கத்தவர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம் அவர் ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்ததும் அதே மேலகரம்தான். காவிரிக் கரைப் பிள்ளை ஒருவரின் தமிழைக் காத்து வளர்த்ததில் சிற்றாற்றங்கரைக்கும் பங்கு உண்டு என்று எண்ணும்போது இப்பகுதியினருக்குச் சிறிது பெருமிதம் தோன்றுவது இயல்பே.

1880-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் சாமிநாதையர் தமிழாசிரியரானார். அப்போது அவருக்கு 25 வயது. மாதம் 50 ரூபாய் சம்பளம். மடத்தில் பெற்ற புலமை, கல்லூரியில் கிடைத்த மதிப்பு, மாணவர்களின் அன்பு ஆகிய மூன்றும் சேர்ந்த நிறைவான நாள்கள் அவை. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார்.

முதலியார் கும்பகோணத்துக்கு மாறுதலாகி வந்த முன்சீப். ஆங்கிலக் கல்வி பெற்றவர். தமிழிலும் இசையிலும் ஈடுபாடுடையவர். தம்மைக் காண வந்த இளம் ஆசிரியரிடம், யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். சாமிநாதையர் தம் ஆசிரியர் பெயரைச் சொன்னார். பிறகு படித்த நூல்களை வகை வகையாக அடுக்கினார். முதலியார் முகத்தில் எந்த வியப்பும் இல்லை. இவற்றையெல்லாம் படித்ததனால் என்ன பயன் என்பதுபோல் அவர் வினவியபோது இளைஞர் திகைத்துப் போனார். அடுத்து, பழைய நூல்கள் ஏதேனும் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்தீர்களா என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் அவற்றைப் பாடம் சொன்னதில்லை.

பொருளியல் மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் நடத்திய ஒரு பாடம் இங்கே நினைவுக்கு வருகிறது. இட்ட முதலை எண்ணி மேலும் முதல் இடுவது அறிவுடைமை அன்று. இனி வரப்போகும் பயனை மட்டுமே நோக்க வேண்டும் என்பது அப்பாடம். சொல்லுவது எளிது. தாம் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த கல்வியின் மதிப்பை ஒருவர் குறைத்துப் பேசினால், அந்தக் கல்வியைக் காத்துப் பேசவே மனம் விரையும். எதிரே இருந்தவர் மடத்துப் புலவரும் அல்லர், நீதிமன்ற அதிகாரி. அவருக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருந்தால் உலகம் சாமிநாதையரைக் குறை கூறியிராது. ஆனால் அவர் அளித்த விடை வேறு. அந்நூல்கள் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துப் பொருள் காணும் துணிவு தமக்கு உண்டு என்றார். முதலியார் மகிழ்ந்தார். பின்னர் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணி 13 இலம்பகங்களும் 3145 பாடல்களும் கொண்டது. அரசை இழந்த குலத்தில், சுடுகாட்டில் பிறந்த சீவகன், கல்வியும் வீரமும் பெற்று, பல மகளிரை மணந்து, இழந்த நாட்டை மீட்டு ஆண்டு, முடிவில் யாவற்றையும் துறந்து வீடுபேறு அடையும் கதை அது. சமணரின் அறநெறியும் தத்துவமும் அதன் உள்ளோட்டம். அந்நூல்மீது சைவ உலகுக்கு நெடுங்காலப் பிணக்கு உண்டு. அனபாய சோழன் சிந்தாமணியில் மனம் தோய்ந்திருந்ததைக் கண்டு வருந்திய சேக்கிழார், அவனை மீட்கவே பெரிய புராணம் பாடினார் என்று சேக்கிழார் வரலாறு கூறும் நூல் உரைக்கிறது. அத்தகைய நூலைத்தான் திருநீறு அணிந்த மடத்து மாணவர் ஒருவர் விரித்து வைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றபின் நானும் அந்த நூலைப் படித்து முடிப்பதென்று ஒரு கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு 10 பாடல்கள் வீதம் படித்தால் 315 நாள்களில் நூல் நிறைவுறும். நல்ல பதிப்பும் விளக்கமும் உடைய இக்காலத்தவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். சாமிநாதையருக்கோ இவை எவையும் இல்லை. பவர் பாதிரியார் 1868-இல் அச்சிட்ட முதல் இலம்பகமான நாமகளிலம்பகம் மட்டுமே அச்சில் இருந்தது. எஞ்சியவை பிழை மலிந்த பிரதிகள். எழுத்து வேறுபாடு, விடுபட்ட அடிகள், பாடல் எது உரை எது என்று பிரித்தறிய முடியாத எழுதுமுறை. நச்சினார்க்கினியர் உரை துணை செய்தது. ஆயினும் அவ்வுரையே ஒரு கடல். எந்த நூல் என்று பெயர் சொல்லாமலே பழைய நூல்களிலிருந்து நூற்றுக்கணக்கான மேற்கோள்களை அது அள்ளிப் போட்டிருந்தது. முதலியாரும் அவரும் சேர்ந்து அமர்ந்து படித்தனர். ஒவ்வொரு பாடலிலும் முதலியார் ஐயம் எழுப்பினார். விடை தெரியாத இடங்கள் பெருகின.

மொழித் தடைகளைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று இருந்தது. சமணர் தம் கடவுளை எவ்வாறு காண்கின்றனர், வினை என்று எதைக் கருதுகின்றனர், உயிர் எவ்வாறு வீடடைகிறது என்பவை தெரியாமல் அந்நூலின் கடவுள் வாழ்த்தைக்கூடக் கடக்க இயலாது. சைவ சாத்திரச் சொற்களை அங்கே பொருத்திப் பார்த்தால் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் பொருள் தவறிவிடும்.

இந்த இடத்தில்தான் அவர் செய்த செயல் என் உள்ளத்தைக் கவர்கிறது. கும்பகோணத்திலேயே சமணக் குடும்பங்கள் வாழ்வதை அறிந்து, அவர்கள் வீட்டு வாசலுக்குச் சென்றார். அவர் சென்ற நாளில் ஒரு வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் கேட்டபோது, அவ்வீட்டார் அன்றுதான் சிந்தாமணியைப் பாராயணம் செய்து நிறைவு செய்தனர் என்று தெரிந்தது. புலவர்கள் ஊரெங்கும் கிடைக்கவில்லை என்று கூறிய நூல் சில தெருக்களுக்கு அப்பால் குடும்ப நூலாக ஓதப்பட்டு வந்தது. கல்லூரி அறியாத அந்நூலை இல்லத்தார் அறிந்திருந்தனர்.

அன்று முதல் அவர் அவர்களுக்கு மாணவரானார். கல்லூரிப் பணி முடிந்த நேரங்களில் ஐயங்களைக் குறித்துக்கொண்டு சென்று கேட்டார். தமக்குக் கற்பிப்பவர் பட்டம் பெற்றவரா, இலக்கணம் பயின்றவரா என்று அவர் பார்க்கவில்லை. சமண இல்லத்துப் பெண்மணிகளும் தம் சமயக் கொள்கைகளை நன்கு அறிந்திருந்தது அவரை வியப்பில் ஆழ்த்தியது. அவர் சமண நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்து பேசக் கேட்ட ஒரு மூதாட்டி, இவர் வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற பவ்ய உயிரோ என்று வினவினாராம். தம் வழியில் வந்த ஒருவராகவே அந்த அம்மையார் அவரைக் கருதியிருக்கிறார். பல்கலைக்கழகங்கள் பின்னாளில் அளித்த பட்டங்களுக்குச் சற்றும் குறையாத பட்டம் அது என்பது என் எண்ணம்.

அவர் சமணராகவில்லை. கடைசிவரை சைவராகவே வாழ்ந்தார். நீறும் வழிபாடும் மாறவில்லை. திருவாவடுதுறை மடமும் அவரைத் தள்ளிவைக்கவில்லை. மடத்துச் சுவடிகளை அவர் ஆராய்ச்சிக்குத் திறந்து தந்தவர் அதே மேலகரத்துத் தேசிகர். பிற சமயத்தார் நூலை முழுதும் படிப்பவன் தன் சமயத்தை இழந்துவிடுவான் என்ற அச்சம் பலருக்கு உண்டு. சாமிநாதையர் வாழ்வு அந்த அச்சத்துக்கு ஆதரவளிக்கவில்லை.

நச்சினார்க்கினியரைப் பற்றியும் இதேபோன்ற ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் சிந்தாமணிக்கு முதலில் எழுதிய உரையைச் சமணச் சான்றோர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர்களிடமே சென்று அச்சமய நூல்களைப் பயின்று உரையைத் திருத்தி எழுதினார் என்றும் கூறுவர். வரலாறாயினும் கதையாயினும் அதன் கருத்து ஒன்றே. ஒரு நூலுக்கு உரியவர்கள் ஒப்பாத உரை முழுமையான உரை ஆகாது.

சிந்தாமணியை முற்றும் படித்தபோதுதான் அதை அச்சிட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பெற்றது. பதிப்புத் தொழில் அன்று இலாபம் தருவதாக இல்லை. நூல் வெளிவருமுன்பே வாங்குவதாக உறுதி கூறுவோரிடம் கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டும் முறை இருந்தது. 50 ரூபாய்ச் சம்பளத்தில் தொடங்கிய ஆசிரியர், கையொப்பம் வேண்டிப் பலர் வீட்டுக்கு நடந்தார், கடன் வாங்கினார், விடுமுறைகளில் சென்னைக்கு வந்து அச்சுப்படிகளைத் திருத்தினார். தூண்டுகோலாக இருந்த இராமசாமி முதலியாரோ, 1885-இல் இந்தியாவின் குறைகளை இங்கிலாந்து மக்களிடம் எடுத்துரைக்கச் சென்ற மூவருள் ஒருவராகப் பொதுவாழ்வில் முன்னேறிச் சென்றிருந்தார். 1887-இல் சீவகசிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக வெளிவந்தது. முன்சீப்பின் கேள்விக்கும் அச்சிட்ட நூலுக்கும் இடையே சென்றவை ஏழு ஆண்டுகள்.

அந்த ஒரு நூலை முழுமையாகப் படித்ததன் பயன் அதனோடு முடியவில்லை. உரையில் பெயரின்றி வந்த மேற்கோள்களின் மூலத்தைத் தேடியபோது, மடத்துச் சுவடிகளிடையே எட்டுத்தொகை நூல்கள் அவர் கண்ணில் பட்டன. 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை, 1903-இல் ஐங்குறுநூறு, 1904-இல் பதிற்றுப்பத்து, 1918-இல் பரிபாடல், 1924-இல் பெருங்கதை, 1937-இல் குறுந்தொகை என்று அவர் பதிப்புகள் தொடர்ந்தன. மேற்கோள்களைப் படிக்காமல் தாண்டிச் சென்றிருந்தால் இந்த வழி அவருக்குத் திறந்திராது. நூலைச் சுருக்கமாகப் படிப்பவனுக்கும் முற்றும் படிப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மணிமேகலையில் அவருக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. சிந்தாமணிக்குக் கும்பகோணத்துச் சமணர் இருந்தனர். மணிமேகலைக்கு அருகில் பௌத்தர் எவரும் இல்லை. அவர் ஆங்கிலமும் அறியாதவர். உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் பௌத்தம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து விளக்கினார். நாள்தோறும் கேட்டும் குறித்தும் அவர் பௌத்தத்தைக் கற்றார். புத்தர் வரலாறு, பௌத்த தருமம், சங்கம் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் தாமே எழுதி அப்பதிப்புடன் சேர்த்தார். தமிழகத்தில் வழக்கொழிந்த ஒரு சமயத்தின் கொள்கையை, அச்சமயத்தைச் சாராத ஒருவர், அதை ஏளனம் செய்யாமலும் தம் சமயத்தோடு ஒப்பிட்டுத் தாழ்த்தாமலும் எழுதினார் என்பது அக்காலச் சமயப் பூசல்களை அறிந்தவர்களுக்குப் பெரிய செய்தி.

இந்த உழைப்பு எவ்வளவு அவசரமானது என்பதை எங்கள் மாவட்டம் அவருக்குக் காட்டியது. சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூரில் வரகுண பாண்டியர் சேர்த்து வைத்திருந்த சுவடிகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர் அங்கே சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடவேண்டும் என்று ஆகமம் கூறுவதாகச் சொல்லி, அவற்றை எரித்துவிட்டதாக அங்கிருந்தோர் தெரிவித்தனர். எரித்தவர்கள் பகையால் எரிக்கவில்லை, பக்தியால் எரித்தனர். ஏட்டை வணங்கத் தெரிந்திருந்தது. அதில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எந்தெந்த நூல்கள் அத்தீயில் மறைந்தன என்று இனி எவராலும் கணக்கிட இயலாது.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய சாமிநாதையர் 1919-இல் ஓய்வு பெற்றார். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கௌரவ முனைவர் பட்டமும் அவரை அடைந்தன. முதுமையில் ஆனந்த விகடனில் தம் வரலாற்றைத் தொடராக எழுதினார். அது நிறைவுபெறுமுன் 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

இந்த வாழ்வை இன்று நினைவுகூர எனக்கு ஒரு காரணம் உண்டு. தென்காசி வட்டாரத்தில் நாங்கள் ஒருவர் விழாவுக்கு ஒருவர் செல்பவர்கள். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்கு எல்லாச் சமயத்தாரும் நேர்ந்துகொண்டு செல்கின்றனர். கிறிஸ்துமஸ் பலகாரமும் பொங்கல் கரும்பும் வீடு மாறி வீடு செல்கின்றன. இந்த உறவு உயர்ந்தது. ஆனால் உணவைப் பகிர்ந்துகொள்ளும் நாம் நூலைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஆகவே பிறர் மறையைப் பற்றி நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் கைபேசியில் வந்து சேரும் இரண்டு வரிகளே. முன்னும் பின்னும் வெட்டப்பட்ட அந்த வரிகளை வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஓதப்பட்டு வரும் ஒரு நூலின் இயல்பை முடிவு செய்துவிடுகிறோம். படித்தவர்கள் கூடும் இடங்களில்தான் இந்தத் துணிவு மிகுதி என்பதை ஓர் ஆசிரியனாக நான் வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சமணர் 0.12 சதவீதத்தினர். எங்கள் பக்கத்தில் சமணம் என்றால் கழுகுமலைப் பாறைச் சிற்பங்களே பலருக்கும் நினைவில் எழும். அத்தனை சிறிய ஒரு சமூகம் தன் இல்லங்களில் ஓதிப் பாதுகாத்த நூலும், அதை ஓதத் துணிந்த ஒரு சைவரின் பொறுமையும் சேர்ந்ததால்தான் சங்கத் தமிழ் நமக்கு மீண்டது. எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடப் பழகிய என் போன்றோர்க்கு இது நல்ல பாடம்.

எல்லாரும் பதிப்பாசிரியராக வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு நூல் போதும். பக்கத்து வீட்டார் போற்றும் நூல் ஒன்றைத் தேர்ந்து, நாளுக்குச் சில பக்கங்கள் என்று வகுத்துக்கொண்டு முழுவதும் படிக்கலாம். விளங்காத இடத்தில் சொந்த ஊகத்தை நிரப்பாமல், அந்நூலை ஓதி வாழும் ஒருவரிடம் சென்று கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே சாமிநாதையர் கேட்டார். படித்து முடித்தபின் ஏற்பதும் மறுப்பதும் நம் விருப்பம். முடிக்கும்வரையில் அந்நூலைப் பற்றித் தீர்ப்புக் கூறாதிருப்பது மட்டும் நம் கடமை.